லியுப்லியானா: ஒரு சிறிய தலைநகருக்கு வழி தேடிய அனுபவம்

லண்டனுக்கோ பாரிசுக்கோ போகிறவர்களுக்கு விமானம் பெரிய கேள்வியாக இருப்பதில்லை. எங்கிருந்து புறப்பட்டாலும் ஏதாவது ஒரு விமானம் கொண்டுபோய் இறக்கிவிடும். இறங்கிய பிறகு எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதில்தான் திட்டமிடலின் பெரும்பகுதி செலவாகும். ஸ்லோவேனியாவின் தலைநகரான லியுப்லியானாவுக்குக் குடும்பத்தோடு போய்வர முடிவெடுத்தபோது எங்கள் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. சுமார் 3 லட்சம் பேர் வாழும் அந்த ஊரின் பழைய பகுதியை ஒரு மாலைப்பொழுதில் நடந்தே சுற்றிவிடலாம் என்பதால் ஊருக்குள் திட்டமிட அதிகமில்லை. ஆனால் சென்னையிலிருந்து எந்த வழியாகப் போவது, எந்த வழியாகத் திரும்புவது, அதற்கேற்ப விசாவை எந்த நாட்டிடம் கேட்பது என்பவை பல வாரங்களை எடுத்துக்கொண்டன. நானும் மனைவியும் எழுபதைத் தாண்டிய என் அம்மாவும் போய்வந்த அந்தப் பயணத்துக்காகச் சேர்த்த விவரங்கள், ரிகா, பிராத்திஸ்லாவா, வல்லெட்டா போன்ற பிற சிறிய தலைநகரங்களுக்குப் போக நினைப்பவர்களுக்கும் பெருமளவு பொருந்தும்.

லியுப்லியானாவின் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே சுமார் 25 கி.மீ. தொலைவில், பிர்னிக் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது. ஸ்லோவேனியாவின் விடுதலைக்கு முன்னின்ற அரசியல் தலைவர் யோஷே புச்னிக்கின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. 1961இல் தோன்றிய ஏட்ரியா ஏர்வேஸ் நிறுவனம்தான் பல ஐரோப்பிய நகரங்களை அந்த நிலையத்தோடு இணைத்துக்கொண்டிருந்தது. 2019 செப்டம்பரில் அது நொடித்துப்போனபின், பிராங்க்ஃபர்ட், சூரிக், இஸ்தான்புல், பெல்கிரேடு போன்ற ஊர்களிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்கள் இயக்கும் விமானங்களே அந்த ஊரை உலகோடு இணைக்கின்றன. சொந்த விமான நிறுவனம் இல்லாத தலைநகரம் என்றால் அதன் வான்வழி அட்டவணை முழுக்கப் பிறருடைய கணக்கைப் பொறுத்தது. ஐரோப்பாவில் கோடைக்கால அட்டவணை மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்றும் குளிர்கால அட்டவணை அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்றும் தொடங்கும். கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை வரும் விமானம் குளிர்காலத்தில் குறைந்துபோகலாம். சில தடங்கள் கோடையில் மட்டுமே இருக்கும். ஆகவே பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல், நீங்கள் போகும் மாதத்துக்கான அட்டவணையை விமான நிலையத்தின் சொந்த இணையதளத்தில் பார்ப்பதே முதல் வேலை.

இரண்டாவதாக, அக்கம்பக்கத்து விமான நிலையங்களைப் பார்க்க வேண்டும். லியுப்லியானாவைச் சுற்றி அவை நிறையவே இருக்கின்றன. குரோஷியத் தலைநகர் சாக்ரெப் சுமார் 140 கி.மீ., இத்தாலியின் திரியெஸ்தே விமான நிலையம் சுமார் 130 கி.மீ., வெனிஸ் சுமார் 240 கி.மீ., ஆஸ்திரியாவின் வியன்னா சுமார் 380 கி.மீ. தொலைவில் உள்ளன. வெனிசுக்கோ வியன்னாவுக்கோ கட்டணம் பல சமயம் குறைவாகத் தெரியும். தெரிவதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வெனிசிலிருந்து பேருந்துக்கு மூவருக்கும் ஆகும் செலவு, மூன்று மணி நேரச் சாலைப் பயணம், விமானம் தாமதமானால் பேருந்துச் சீட்டு வீணாவது, இரவில் இறங்கினால் அங்கே ஒரு விடுதி அறை என எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, நேராக லியுப்லியானாவில் இறங்கும் சீட்டுக்கும் இதற்கும் இடையிலான வித்தியாசம் ஏறக்குறைய கரைந்துபோயிற்று. முதுகில் ஒரு பை மட்டும் சுமந்து தனியாகப் போகும் இளைஞருக்கு விடை வேறாக இருக்கலாம். பத்து மணி நேர விமானப் பயணத்துக்குப் பிறகு எழுபது வயதுக்காரரைப் பேருந்து நிலையத்தில் காத்திருக்க வைக்க நான் விரும்பவில்லை.

தனித்தனிச் சீட்டுகளாக வாங்கி ஒட்டுப்போடுவது இன்னொரு வழி. சென்னையிலிருந்து ஏதோ ஒரு பெரிய ஐரோப்பிய நகரத்துக்கு ஒரு சீட்டு, அங்கிருந்து மலிவு விமான நிறுவனத்தில் வேறொரு சீட்டு என வாங்கினால் பணம் மிச்சமாகும் என்று பலரும் சொல்வார்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது கைவிட்டுப் போனால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள்மேல் எந்தக் கடமையும் கிடையாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் ஒரு பின்னிரவு தாமதத்தால் நான்கு சீட்டுகளை இழந்து, மறுநாள் விலையில் மீண்டும் நான்கு வாங்கியது. அவர்கள் மிச்சம் பிடித்ததைப்போல் மூன்று மடங்கு செலவாயிற்று. ஒரே முன்பதிவு எண்ணில் கடைசி ஊர் வரைக்கும் சீட்டு இருந்தால், இணைப்பு விமானத்தை நாம் தவறவிட நேர்ந்தாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்தினுடையது. பெட்டிகளும் கடைசி ஊர் வரை தாமாகவே போகும். அதோடு ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதியின்படி, ஒன்றியத்துக்குள்ளிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும், வெளியிலிருந்து ஒன்றியத்துக்கு வரும் ஒன்றிய நிறுவனங்களின் விமானங்களுக்கும், காத்திருக்கும் நேரத்துக்கு உணவும் தேவைப்பட்டால் தங்குமிடமும் கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு. கடைசி ஊருக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்து, காரணமும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்தால், தொலைவைப் பொறுத்து 600 யூரோ வரை இழப்பீடும் கேட்கலாம். ஒரே முன்பதிவாக இருந்தால் இந்தக் கணக்கு கடைசி ஊரை வைத்துப் பார்க்கப்படும் என்பது சிறிய ஊர்களுக்குப் போகிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது.

நாங்கள் பிராங்க்ஃபர்ட் வழியைத் தேர்ந்தெடுத்தோம். சென்னையிலிருந்து அந்த ஊருக்கு நேரடி விமானம் உண்டு என்பதும், அங்கிருந்து லியுப்லியானாவுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய ஆகிற ஒரே தாவல்தான் என்பதும் காரணங்கள். இணைப்புக்கு எவ்வளவு நேரம் வைத்துக்கொள்வது என்பதில் மட்டும் வீட்டில் விவாதம் நடந்தது. முன்பதிவுத் தளங்கள் ஒரு மணி நேரத்துக்கும் சற்றே அதிகமான இடைவெளியுள்ள இணைப்புகளையும் தயங்காமல் காட்டும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதிக்குள் முதன்முதலில் கால் வைக்கும் இடத்தில்தான் குடிவரவுச் சோதனை நடக்கும் என்பதை அவை கணக்கில் காட்டுவதில்லை. கடைசி ஊர் லியுப்லியானாவாக இருந்தாலும் வரிசையில் நிற்பது பிராங்க்ஃபர்ட்டில்தான். அதன்பின் பாதுகாப்புச் சோதனையையும் மறுபடி கடக்க வேண்டியிருக்கலாம். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் நாடுகள் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகப் பயணியின் முகப்படத்தையும் கைரேகையையும் மின்னணு முறையில் பதிவுசெய்யத் தொடங்கியிருப்பதால், அந்தப் பதிவில் முதல்முறை சேர்பவர்களுக்குக் கூடுதல் நேரமாகும். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த இணைப்பை இனி நான் வாங்கமாட்டேன். வயதானவர்களோடு போனால் அதுவே கட்டாயம்.

சிறிய விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டியே புறப்படும். 18ஆம் தேதி என்று சீட்டில் இருந்தால் 17ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்தவுடன் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். காப்பீடு, விடுதி முன்பதிவு, விசா விண்ணப்பத்தில் எழுதும் நாட்கள் ஆகிய மூன்றும் போய் இறங்கும் தேதியோடு ஒத்துப்போக வேண்டும்.

திரும்பும் வழியைப் பற்றி யோசித்தபோதுதான் திட்டம் சுவையாக மாறியது. போன வழியே திரும்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து திரும்பும் சீட்டு, போய்வரும் சீட்டின் விலையிலேயே பலமுறை கிடைக்கும்; தனித்தனி ஒருவழிச் சீட்டுகளாகத் தேடாமல் 'பல நகரங்கள்' என்ற தேர்வில் தேட வேண்டும், அவ்வளவுதான். லியுப்லியானாவில் இறங்குவது, அங்கிருந்து பகல் ரயிலில் வியன்னாவுக்குப் போய் ஓரிரு இரவுகள் தங்குவது, வியன்னாவிலிருந்து சென்னை திரும்புவது என்று முடிவாயிற்று. களைப்போடு வந்திறங்கும்போது சிறிய விமான நிலையமும், ஊரெல்லாம் பழகிய பிறகு புறப்படும்போது பெரிய விமான நிலையமும் அமைவது நல்லது. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர பிர்னிக்கில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

விசா விஷயத்தில் இந்த வழித்தேர்வு நேரடியாக வந்து மோதும். ஷெங்கன் விசாவை நினைத்த நாட்டிடம் கேட்க முடியாது. அதிக நாட்கள் எங்கே தங்குகிறோமோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறுவதாலேயே ஜெர்மனியிடம் விண்ணப்பிக்க முடியாது. எங்களுக்கு ஸ்லோவேனியாவில் அதிக இரவுகள் என்பதால் அந்த நாட்டிடமே விண்ணப்பித்தோம். நேர்காணலுக்குத் தேதி சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக வேறொரு நாட்டின் பெயரில் விடுதிகளை முன்பதிவு செய்து விசா வாங்கி, பிறகு அவற்றை ரத்து செய்துவிடலாம் என்று ஒரு முகவர் மிகச் சாதாரணமாக யோசனை சொன்னார். எல்லையில் விடுதிச் சீட்டைக் கேட்டால் அவர் வந்து பதில் சொல்லப்போவதில்லை.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்தே தரலாம். 15 நாட்களுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். முடிவு சொல்ல 15 நாட்கள் என்பது பொதுவான கெடு, அது 45 நாட்கள் வரை நீளலாம். நம் ஊரில் பள்ளி விடுமுறையை ஒட்டி எல்லோரும் விண்ணப்பிக்கும் மாதங்களில் தேதி கிடைப்பதே அரிதாகிவிடுவதால், மே மாதப் பயணத்துக்குப் பிப்ரவரியில் விண்ணப்பிப்பது சரியாக இருக்கும். கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியைவிட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. சேவை மையக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சில காப்பீடுகளில் தொகை குறைக்கப்பட்டிருக்கும் என்பதால், அம்மாவின் காப்பீட்டு ஆவணத்தில் அந்தத் தொகையை மட்டும் தனியாகச் சரிபார்த்தோம். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனில் இருப்பதால் சாக்ரெபுக்கு ஒரு நாள் போய்வர ஒருமுறை நுழைவு விசாவே போதும். செர்பியாவோ போஸ்னியாவோ திட்டத்தில் இருந்தால் பலமுறை நுழைவு கேட்க வேண்டும்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தோம். இந்த உதவிக்கு ஐரோப்பாவில் கட்டணம் கிடையாது, ஆனால் புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்ல வேண்டும். அதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நீண்ட தூரம் நடக்க முடியாதவர், படியேற முடியாதவர் என்று நிறுவனங்கள் தனித்தனி வகைகள் வைத்திருக்கின்றன. பெரிய விமானத்துக்கு நடைமேம்பாலம் வழியாகப் போய்விடலாம். சிறிய தலைநகரங்களுக்குப் பறக்கும் சிறிய ஜெட் விமானங்களுக்கோ பல சமயம் பேருந்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள், படிக்கட்டில் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரண்டாவது வகையைக் கேட்பதே சரி. அதே சிறிய விமானங்களில் தலைக்கு மேல் உள்ள பெட்டிகளும் சிறியவை என்பதால் சக்கரம் வைத்த கைப்பெட்டியை ஏறும் இடத்திலேயே வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். மாத்திரைகள், கண்ணாடி, கடவுச்சீட்டு, ஒரு கம்பளிச் சட்டை ஆகியவற்றைத் தோள்பையில் வைத்திருந்ததால் நாங்கள் பெட்டியைக் கவலையில்லாமல் கொடுத்தோம்.

எந்த மாதத்தில் போவது? லியுப்லியானாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெய்கிறது. சென்னையின் சராசரியும் கிட்டத்தட்ட அதுவே. நமக்கு அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்த்துவிடும். அவர்களுக்கு ஆண்டு முழுவதும் பகிர்ந்து பெய்யும். ஆகவே மழையில்லாத மாதம் என்று ஒன்றைத் தேடிப் பயனில்லை. குடை கையில் இருக்க வேண்டும். சதுப்பு நிலத்தை ஒட்டிய வடிநிலத்தில் ஊர் இருப்பதால் பின்னிலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் காலை வேளைகளில் மூடுபனி கவியும், அப்போது விமானங்களும் தாமதமாகக்கூடும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பிளெட் ஏரியில் கூட்டம் தாங்காது. மே மாதத்தின் பிற்பாதியும் செப்டம்பரின் முற்பாதியும் நல்ல நாட்கள் என்பது என் கணிப்பு. மே கடைசியில் இரவு எட்டரை மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். மே 1, 2 இரண்டும் அங்கே பொது விடுமுறை, அவற்றைத் தவிர்த்தோம்.

விமான நிலையத்திலிருந்து நகரப் பேருந்து நிலையத்துக்குப் பொதுப் பேருந்து முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்கிறது. வார இறுதியில் நடைகள் குறைவு. மூன்று பேர் என்றால் முன்பே சொல்லிவைத்த பகிர்வு வேன் வசதி. வரைபடத்தைப் பார்த்தபோது கண்ணில் பட்டது ஒன்று: விமான நிலையம் லியுப்லியானாவுக்கும் பிளெட்டுக்கும் இடைப்பட்ட திசையில் இருக்கிறது. லியுப்லியானாவிலிருந்தே விமானம் ஏறித் திரும்புபவர்கள் கடைசி இரவைப் பிளெட்டில் வைத்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பாமல் நேராக விமான நிலையம் போய்விடலாம்.

ஊரைப் பற்றிச் சொல்ல ஆசைதான் அதிகம். லியுப்லியானாவின் இன்றைய முகம் பெரும்பாலும் ஒரே கட்டடக் கலைஞர் வரைந்தது. 1872இல் அங்கேயே பிறந்த யோஷே பிளெச்னிக், வியன்னாவில் ஓட்டோ வாக்னரிடம் பயின்று, பிராக் அரண்மனையைப் புதுப்பிக்கும் பணியில் ஈடுபட்டுவிட்டு, சொந்த ஊருக்குத் திரும்பி அதை மாற்றியமைத்தார். 1842இல் கட்டப்பட்ட கல்பாலம் ஒன்று நெரிசலுக்குப் போதாமல் போனபோது அதை இடித்துப் பெரிதாகக் கட்டாமல், இருபுறமும் நடப்பவர்களுக்கென்று இரண்டு பாலங்களைச் சற்றே சாய்வாகச் சேர்த்தார். 1932இல் முடிந்த அந்த மூன்றுபாலத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கவிஞர் பிரெஷெரனின் சிலையுள்ள சதுக்கம், மறுபக்கம் பழைய ஊர், மேலே கோட்டை. ஆற்றங்கரை ஓரமாக நீளும் தூண்வரிசைச் சந்தை, 32 கருஞ்சலவைக்கல் தூண்களுக்கு நடுவே இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் தேசிய நூலகத்தின் படிக்கட்டு, செருப்புத் தைப்போர் பாலம் எல்லாம் அவர் வேலைகளே. 2021இல் யுனெஸ்கோ அவருடைய லியுப்லியானாப் பணிகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வியன்னாவிலிருந்தோ வெனிசிலிருந்தோ காலையில் பேருந்தில் வந்து, மதியம் டிராகன்கள் காவல் நிற்கும் 1901ஆம் ஆண்டுப் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு, பிளெட்டையும் தொட்டுவிட்டு இரவில் திரும்பும் சுற்றுலாக்களை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அந்த ஊர் மாலையில்தான் விழிக்கிறது. ஒருநாள் சுற்றுலாக்காரர்கள் போன பிறகு ஆற்றின் இரு கரைகளிலும் ஊர்க்காரர்கள் வந்து உட்கார்கிறார்கள். குறைந்தது மூன்று இரவுகளாவது அங்கேயே தங்க வேண்டும்.

2007 முதல் படிப்படியாக நடு ஊருக்குள் மோட்டார் வாகனங்கள் தடைசெய்யப்பட்டன. 2016இல் ஐரோப்பாவின் பசுமைத் தலைநகரம் என்ற பட்டமும் கிடைத்தது. வயதானவர்களுக்கு இது சங்கடமாயிருக்குமே என்று நினைத்தேன். அதற்காகவே 'கவாலிர்' என்ற சிறிய மின்வண்டிகளை மாநகராட்சி இலவசமாக ஓட்டுகிறது. கையைக் காட்டினால் நிற்கும், வேகம் நடையைவிடச் சற்றே அதிகம். அம்மா இரண்டாம் நாளிலிருந்து எங்களை எதிர்பார்க்காமல் அதில் ஏறிச் சந்தைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். கோட்டைக்கு 2006இல் திறக்கப்பட்ட கம்பிவட ரயில் ஒரு நிமிடத்தில் ஏற்றிவிடுகிறது. நகரப் பேருந்துகளில் ஓட்டுநரிடம் ரொக்கம் கொடுத்துச் சீட்டு வாங்க முடியாது; நாங்கள் 'உர்பானா' என்ற அட்டையை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டோம். மழை பெய்த ஒரு பிற்பகலை நகர அருங்காட்சியகத்தில் கழித்தோம். அருகிலுள்ள சதுப்பு நிலத்தில் 2002இல் கிடைத்த மரச்சக்கரம் அங்கே இருக்கிறது; அதற்கு வயது சுமார் 5,200 ஆண்டுகள், அச்சோடு சேர்ந்தே கிடைத்தது. அந்த ஒரு பொருளுக்காகவே நுழைவுக் கட்டணம் தகும்.

சாப்பாட்டில் கவனம் தேவைப்பட்டது. அம்மா முட்டையும் தொடாதவர். பாலாடைக்கட்டியோ அக்ரோட்டோ வைத்துச் சுருட்டி அவிக்கும் 'ஷ்ட்ருக்லி' சைவம் போலத் தெரிந்தாலும் மாவில் முட்டை இருக்கலாம், கேட்டுத்தான் வாங்க வேண்டும். காய்கறிச் சூப் என்று எழுதியிருப்பதன் அடியிலும் மாட்டெலும்புச் சாறு இருக்கக்கூடும். ஆகவே சமையலறையோடு கூடிய குடியிருப்பை எடுத்திருந்தோம். அங்கே 2020இல் வந்த சட்டத்தின்படி ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாட்களிலும் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ரயில், பேருந்து நிலையங்களிலும் எண்ணெய் நிரப்பும் இடங்களிலும் உள்ள கடைகள் போன்ற சிலவே திறந்திருக்கும். திறந்தவெளிச் சந்தைக்கும் ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமையே தயிர், அரிசி, காய்கறி வாங்கிவைத்துவிட வேண்டும். சனி இரவு போய் இறங்கும் சீட்டை வாங்காமலிருப்பது அதைவிட நல்லது. ஊரிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். இறைச்சியும் பால்பொருட்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை என்பதால் நெய், பால்கோவா எதுவும் பெட்டியில் ஏறவில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் அனுமதியில்லை. மோர்மிளகாயைப் பற்றி வீட்டில் எழுந்த சட்டச் சிக்கலை மனைவி, அதை எடுத்து வெளியே வைத்துத் தீர்த்தார். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். குடிநீர் உரிமையை 2016இல் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்ட நாடு அது.

வெளியூர்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்தோம். பிளெட் 55 கி.மீ.; ரயிலில் போனால் லெஸ்செ-பிளெட் நிலையத்திலிருந்து ஏரிக்கு இன்னும் 4 கி.மீ. இருக்கிறது, பேருந்து ஏரிக்கரை ஊருக்கே போகிறது. தீவுத் தேவாலயத்துக்கு 99 படிகள் என்பதால் அம்மா கரையிலேயே இருந்தார். போஸ்தொய்னா குகை அவருக்கு ஏற்றதாக அமைந்தது. 1872 முதலே தண்டவாளம் போட்ட குகை அது. உள்ளே பெரும்பகுதி தூரத்தைச் சிறிய ரயிலில் கடந்து, ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. மட்டும் ஏற்ற இறக்கமுள்ள பாதையில் நடக்க வேண்டும். ஆண்டு முழுவதும் சுமார் 10 டிகிரி குளிர். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஷ்கோட்ஸ்யான் குகைகள் பிரமிப்பானவை என்றாலும் படிகள் நிறைய, முழங்கால் ஒத்துழைப்பவர்களுக்கே அவை. போஸ்தொய்னாவைக் குடைந்த பிவ்கா என்ற ஆறு அங்கே மண்ணுக்குள் மறைந்து, வேறு பெயரோடு வெளியே வந்து, மறுபடி மறைந்து, வெர்ஹ்னிகா என்ற ஊரருகே லியுப்லியானிட்சாவாக மேலெழுந்து தலைநகரத்துக்குள் நுழைகிறது. இப்படி ஏழு பெயர்கள் கொண்ட ஆறு என்று அதைச் சொல்கிறார்கள். நம்மூர் ஆறுகளெல்லாம் கண்ணெதிரே வற்றுவதைப் பார்த்துப் பழகிய அம்மாவுக்கு, ஓர் ஆறு ஒளிந்து விளையாடுகிறது என்பது நம்ப முடியாததாக இருந்தது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2007 முதல் யூரோதான். அட்டையைத் தேய்க்கும் இயந்திரம் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோ என்றே அழுத்த வேண்டும். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் இழப்பு. விடுதிக் கட்டணத்தோடு தலைக்கு ஓரிரவுக்குச் சில யூரோ சுற்றுலா வரியும் சேரும்.

வியன்னாவுக்கான ரயில் சுமார் ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டது. முன்கூட்டி வாங்கும் மலிவு விலைச் சீட்டு குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். மேலும் பாதையில் வேலை நடக்கும் நாட்களில் இடையில் சில நிலையங்களுக்குப் பேருந்தில் மாற்றிவிடுவார்கள் என்பதால், பெட்டிகள் அதிகமுள்ளவர்கள் முந்தின நாள் அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது. 1849இல் லியுப்லியானாவை எட்டிய பழைய ஆஸ்திரியத் தென்னக ரயில்பாதையே இது. சாவா ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி ஓடி, மாரிபோர், கிராட்ஸ் ஊர்களைத் தாண்டி, 1854இல் திறக்கப்பட்ட செமரிங் மலைப்பாதையில் 16 பாலங்களையும் 14 சுரங்கங்களையும் கடந்து இறங்குகிறது. மேசையுள்ள இருக்கைகளை இடப்பதிவு செய்துகொண்டால் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். ஷெங்கனுக்குள்ளேதானே என்று கடவுச்சீட்டைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிடக் கூடாது. ஆஸ்திரியா 2015 முதல் ஸ்லோவேனிய எல்லையில் சோதனையைத் தொடர்ந்து நீட்டித்துவருகிறது. இத்தாலியும் 2023 அக்டோபர் முதல் அப்படியே. எங்கள் பெட்டியிலும் காவலர்கள் ஏறி ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். ரயிலுக்கும் விமானத்துக்கும் ஒரே நாளில் முடிச்சுப் போடாமல் வியன்னாவில் இரண்டு இரவுகள் வைத்திருந்தோம். ரயிலைத் தவறவிட்டால் விமான நிறுவனம் பொறுப்பேற்காது. ஷெங்கனைவிட்டு வெளியேறும் பதிவு கடைசி ஷெங்கன் விமான நிலையத்தில்தான் நடக்கும். வளைகுடா வழியாகத் திரும்பினால் அது வியன்னாவிலேயே முடியும். பிராங்க்ஃபர்ட் வழியாகத் திரும்பினால் அங்கே மறுபடி வரிசை உண்டு என்பதால், அந்த இணைப்புக்கும் வரும்போது வைத்ததைப் போன்ற இடைவெளியையே வைத்தோம்.